வெள்ளி 20: கிழமையா, பணமா?

"அன்னதானம் – வெள்ளி 20" என்று கோயில் வாசலில் எழுதி ஒட்டினால் கோலாலம்பூரில் அதை இரண்டு விதமாகப் படிப்பார்கள். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை சாப்பாடு என்று சிலர். சாப்பாட்டுக்கு இருபது ரிங்கிட் என்று சிலர். தமிழ்நாட்டில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பணம் ரூபாய். இங்கே மலேசியாவில்தான் கிழமையும் வெள்ளி, பணமான ரிங்கிட்டும் பேச்சில் வெள்ளி. எழுதியவரைக் கேட்டால், "தெளிவாகத்தானே இருக்கிறது?" என்பார். அவர் மனத்தில் ஒரே பொருள்தான் இருக்கிறது, மற்றது எப்படிக் கண்ணில் படும்?

அவர் சொல்வது ஒருவகையில் சரி. தெளிவு என்பது தண்ணீரிலிருந்து வந்த சொல். வண்டல் அடியில் தங்கி, மேலே நிற்பது தெளிவு. அதற்கு எதிர்ச்சொல் கலங்கல். கலங்கிய நீரைத் தெளியவைக்கிற கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். "வெள்ளி 20" என்பதில் கலங்கல் எதுவும் இல்லை, புரியாத சொல்லும் இல்லை. ஆனாலும் பொருள் இரண்டு. கலங்காமல் இருப்பது வேறு, ஒரே பொருள் தருவது வேறு. இரண்டுக்கும் "தெளிவு" என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

இரண்டாவதற்கு நம்மிடம் இருக்கிற நல்ல சொல் "ஐயந்திரிபற". இதில் இரண்டு குற்றங்கள் தனித்தனியாக நிற்கின்றன. அந்தி வெளிச்சத்தில் தூரத்தில் நிற்பது கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே முடிவு கட்டிவிடுவது திரிபு. ஐயப்பட்டவர் போன் போட்டுக் கேட்பார். திரிந்தவர் கேட்க மாட்டார், ஏனென்றால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பர்சில் இருபது ரிங்கிட்டோடு வந்து நிற்பார். அறிவிப்பு எழுதுகிறவர் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாமவருக்கு. நன்னூல் பத்துக் குற்றங்களை எண்ணும்போது "மயங்க வைத்தல்" என்று ஒன்றைச் சொல்கிறது. பத்து அழகுகளில் "விளங்க வைத்தல்" ஒன்று. இரண்டிலும் "வைத்தல்" வருகிறது, கவனியுங்கள். மயக்கம் தானாக வருவதில்லை, எழுதுகிறவர் வைப்பது.

தெளிவைக் குறிக்கும் மற்ற சொற்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட முடியாது. "வெள்ளிடைமலை" என்றால் வெள்ளியாலான மலை என்று நினைப்பவர் பலர். அது வெள்ளிடை மலை. வெள்ளிடை என்றால் வெட்டவெளி. மறைக்க எதுவும் இல்லாத இடத்தில் நிற்கிற மலை. பினாங்குக்காரர்கள் உடனே கொடிமலையைச் சொல்லக்கூடும். அது பொருந்தாது: பக்கத்தில் வேறு குன்றுகள், பாதி நாள் மேகம். பொருத்தமானது கெடா கடலோரச் சமவெளியில் தனியாக எழும் ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். கடாரத்துக்கு, அதாவது பழைய கெடாவுக்கு, வந்த மரக்கலங்களுக்கு அடையாளமாக இருந்த மலை அது. யாரும் சுட்டிக்காட்டாமலே தெரிகிற உண்மைக்குத்தான் இந்த உவமை.

"உள்ளங்கை நெல்லிக்கனி" அப்படியல்ல. கனி கையில் இருக்கிறது, அதன் வரிகளை எண்ணலாம், திருப்பிப் பார்க்கலாம். கிட்ட இருந்து சோதித்து அறிந்ததைச் சொல்ல இது. (அந்த நெல்லி மரத்துக்கு மலாயில் மெலாகா என்று பெயர், மலாக்கா நகரின் பெயரே அந்த மரத்திலிருந்து வந்தது என்பார்கள்.)

வெட்டவெளிச்சம், அப்பட்டம், பட்டவர்த்தனம் ஆகிய மூன்றையும் எச்சரிக்கையோடு தொட வேண்டும். மறைத்து வைத்தது வெளியே வந்துவிட்டது என்ற வாடை மூன்றிலும் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் "நம் சங்கக் கணக்கு வெட்டவெளிச்சமாகிவிட்டது" என்று பாராட்டிப் பாருங்கள், பொருளாளர் முகம் மாறிவிடும். அங்கே வேண்டியது "வெளிப்படை". "கறார்" விலைக்கும் நிபந்தனைக்கும் உரியது. "துல்லியம்" அளவுக்கு உரியது. தவறான எண்ணைக்கூட மூன்று தசம இடம்வரை துல்லியமாக எழுதலாம்.

சொல்லைவிட அதிகம் ஏமாற்றுவது சொற்களின் வரிசை. "முன்னாள் மாணவர் சங்கத் தலைவர்" என்பவர் யார்? முன்பு படித்தவர்களின் சங்கத்துக்கு இன்றைய தலைவரா, மாணவர் சங்கத்துக்கு முன்பு தலைவராக இருந்தவரா? இரண்டாமவர் என்றால் "மாணவர் சங்கத்தின் முன்னாள் தலைவர்" என்று அடைமொழியை அதற்குரிய சொல்லோடு ஒட்டிவிட்டால் போதும். முதலாமவர் என்றால் "முன்னாள் மாணவர்களுக்கான சங்கத்தின் தலைவர்". நீளம்தான், பரவாயில்லை.

எதிர்மறை இன்னும் மோசம். "எல்லாரும் சந்தா கட்டவில்லை" என்றால் ஒருவர்கூடக் கட்டவில்லையா, சிலர் பாக்கியா? "ஒருவரும் கட்டவில்லை" அல்லது "சிலர் கட்டவில்லை" என்று எழுதினால் தீர்ந்தது. "அவரைப் போல இவர் பேசவில்லை" என்பதும் இப்படித்தான்: அவரும் பேசவில்லையா, அவர் பேசிய மாதிரி இவர் பேசவில்லையா? "போல" வரும் வாக்கியத்தில் "இல்லை" வந்தால் அதை இரண்டாக உடைத்துவிடுவது நல்லது.

ஒரு விஷயத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. "ஆளுக்கு 50 ரிங்கிட் கொடுக்கிறோம்" என்பதில் கேட்பவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதை "நாம்", "நாங்கள்" இரண்டும் பிரித்துவிடும். மலாயிலும் கித்தா, காமி என்று அதே பிரிவு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பு அறிவிப்பை இரண்டு மொழியிலும் போடுகிறவர் "நாங்கள்" என்பதைக் கித்தா ஆக்கிவிட்டால் செலவு அடுத்த வீட்டுக்காரர் தலையிலும் ஏறிவிடும்.

தேதிக்கு வருவோம். "20ஆம் தேதிக்குள்" என்றால் 20 சேர்த்தியா என்று சண்டை வரும். "20ஆம் தேதி மாலை 5 மணி வரை" என்றால் வராது. "வெள்ளி இரவு 12 மணி" என்று எழுதவே கூடாது, அது வியாழன் முடிந்து வெள்ளி தொடங்கும் நேரமா, வெள்ளி முடியும் நேரமா என்று தெரியாது, "வெள்ளி இரவு 11.59" என்று எழுதுங்கள். "அடுத்த வெள்ளி" சிலருக்கு இந்த வாரம், சிலருக்கு வருகிற வாரம். தேதியையும் கிழமையையும் சேர்த்துப் போட்டால் ஒன்று தவறினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும்.

அந்த அன்னதான அறிவிப்பை இப்படி எழுதலாம்: "அன்னதானம்: 20 நவம்பர் 2026, வெள்ளிக்கிழமை, பகல் 12.30. கட்டணம் இல்லை." கட்டணம் உண்டென்றால் "20 ரிங்கிட்". பேச்சில் வெள்ளி இருந்துவிட்டுப் போகட்டும். ஒட்டுகிற தாளில் மட்டும் வேண்டாம்.