மோல்ட்டன் கொட்டகைக்கு வெயில் வரும் நேரம்

செப்டம்பர் மாதக் கடைசி வாரத்தில் இரண்டு விடியற்காலைகளை, படம் எடுப்பதற்காக, ஒரே கொட்டகையின் முன்னால் கழித்தேன். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஜாக்சன் ஹோல் என்ற மலைப் பள்ளத்தாக்கில், மார்மன் ரோ என்னும் மண்சாலையின் ஓரத்தில் அது நிற்கிறது. இத்தகைய கட்டடத்தை அகராதிகள் களஞ்சியம் என்று சொல்லிவிடுகின்றன. அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு நெல் சேர்த்து வைக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். மோல்ட்டன் குடும்பத்தார் கட்டியதோ கீழே கால்நடைகளும் மேலே பரணில் வைக்கோலும் இருந்த மரக்கட்டடம். ஆகவே கொட்டகை என்றே எழுதுகிறேன்.

1890களில் அண்டை மாநிலமான ஐடஹோவிலிருந்து மார்மன் சமயக் குடும்பங்கள் இங்கே குடியேறின. அந்நாளில் அரசிடமிருந்து நிலம் பெற்ற குடியானவர்கள் கூப்பிட்டால் கேட்காத தொலைவில் தனித்தனியாக வாழ்வதே வழக்கமாக இருக்க, இவர்கள் வேலையையும் துணையையும் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு அடுத்தடுத்து வரிசையாகக் குடியிருந்தார்கள். கையாலும் குதிரைகளைப் பூட்டியும் அவர்கள் வெட்டிய வாய்க்கால்கள் சிலவற்றில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. தாமஸ் ஆல்மா மோல்ட்டன் 1910களில் தொடங்கிய இந்தக் கொட்டகையை, அவரும் மகன்களுமாக 30 ஆண்டுகளுக்கு மேல், தேவை வரும்போதெல்லாம் சிறிது சிறிதாகக் கட்டி முடித்தார்கள். நடுவில் கூரிய முகடு. அதன் இரு பக்கமும் பின்னாளில் இறக்கிய சாய்ப்புகள். அதனால்தான் அதன் உருவம் பின்னாலிருக்கும் கிராண்ட் டீட்டன் சிகரத்தைப் போலவே தோன்றுகிறது. 1950இல் பள்ளத்தாக்கின் சமவெளி தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. 1997இல் மார்மன் ரோ தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

முதல் நாள் நான் தவறாக நின்றேன். அகலமான காட்சியைப் பிடிக்கும் 24 மில்லிமீட்டர் லென்ஸோடு கொட்டகையை நெருங்கிப் போனதால் கூரை வானத்தை அடைத்துக்கொண்டது. கிராண்ட் டீட்டன் சிகரம் அதன் பின்னால் ஒரு கரடுபோலச் சுருங்கிக் கிடந்தது. அடிவாரக் குன்றுகள் எதுவும் இல்லாமல், சுமார் 2,000 மீட்டர் உயரத்திலுள்ள சமவெளியிலிருந்து 4,199 மீட்டர் வரை நேராக எழும் மலை அது. மறுநாள் செடிகளை மிதிக்காமல் தடத்தின் வழியாகவே வெகுதூரம் பின்னால் வந்து, தொலைவை அருகில் காட்டும் 100 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தேன். கொட்டகையின் அளவு முன்போலவே இருக்க, மலை பல மடங்கு வளர்ந்திருந்தது. சிகரம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் நாம் சில நூறு அடி பின்வாங்குவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கொட்டகை மட்டுமே சிறுக்கிறது. அதை லென்ஸ் ஈடுசெய்யும்போது மலையும் சேர்ந்து பெருகுகிறது. அகலமான காட்சிக்கு அகலமான லென்ஸ் என்ற பழக்கத்தை இந்த இடத்தில் கைவிட வேண்டும்.

விடியலில் வெளிச்சம் முதலில் மலைக்கு வருகிறது. சூரியன் நமக்குப் பின்னால் கிழக்குக் குன்றுகளுக்குக் கீழே இருக்கும்போதே உச்சிப்பாறைகள் இளஞ்சிவப்பாகிவிடும். கொட்டகையோ இருட்டில் கிடக்கும். மலைக்கு ஏற்றபடி எடுத்தால் கொட்டகை கரியாகும், கொட்டகைக்கு ஏற்றபடி எடுத்தால் சிகரம் வெளுத்துவிடும். எனவே முக்காலியை அசைக்காமல் வெவ்வேறு எக்ஸ்போஷரில், அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை மாற்றி, மூன்று படங்கள் எடுத்துப் பிறகு இணைத்தேன். அருகில் நின்ற முப்பது நாற்பது பேரும் அவ்வாறே எடுத்தார்கள். சிவப்பு மங்கியதும் முக்காலிகள் மடங்கின. கார்க் கதவுகள் சாத்தும் ஓசை கேட்டது. அவர்கள் போனது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அதுவரை அவர்கள் எடுத்தது மலையை. கொட்டகைக்கு உரிய வெயில் இன்னும் வந்திருக்கவில்லை.

அது வந்தது. முகட்டைத் தொட்டு, கூரை வழியாக இறங்கி, சில நிமிடங்களில் சுவர் முழுவதும் பொன்னிறமாயிற்று. என் நிழலே நீண்டு படத்துக்குள் விழுந்ததால் பக்கவாட்டில் நகர்ந்தேன். அந்தச் சாய்வெளிச்சத்தில் மரம் தன் வயதைக் காட்டியது: மென்மையான இழைகளை மழையும் பனியும் அரித்துவிட, கெட்டியான இழைகள் விரல் நகத்தால் வருடத்தக்க வரம்புகளாக எழுந்து நிற்கின்றன. கணுவைச் சுற்றி அவை ஓடைநீர் கல்லைச் சுற்றுவதுபோல வளைகின்றன. ஆணித்தலைகளின் கீழே துரு கோடாக வழிந்திருக்கிறது.

அன்று கடைசியாக எடுத்த படத்தில் மலை இல்லை. நடுக்கட்டடத்தோடு சாய்ப்பு வந்து சேரும் மூலை மட்டும் இருக்கிறது. இடப்பக்கம் முன்பு கட்டியது, வலப்பக்கம் பல ஆண்டுகள் கழித்துக் கட்டியது, இரண்டுக்கும் நடுவே கைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. புல்லில் படிந்திருந்த உறைபனி அதற்குள் உருகி, என் காலணிகள் நனைந்திருந்தன.