மறுப்பு வாக்கியத்தைப் பார்க்காமல் விட்டு அரியர் வாங்கிய கதை

நேற்று சாயங்காலம் ரிசல்ட். டைப்பாலஜி (மொழிகளின் அமைப்பை ஒப்பிடும் பாடம்) அரியர் கிளியர், 68. போன தடவை இதே பேப்பரில் 41, பாஸுக்கு 50 வேண்டும். அந்த 9 மார்க் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் வரும் 20 மார்க் டேட்டா கேள்வி: ஏதோ ஒரு மொழியின் வாக்கியங்களைப் பொருளோடு கொடுப்பார்கள், அதன் இலக்கணத்தை நாம் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

போன தடவை வந்தது யொருபா, நைஜீரியாப் பக்கத்து மொழி. வகுப்பில் அதன் பங்காளி மொழி இகாலாவைத் தொட்டிருந்தோம் (நைஜீரியாவில் கோகி மாநிலம், நைஜர் ஆற்றுக்குக் கிழக்கே இடா ஊரைச் சுற்றிப் பேசுவது). ஒரே கிளைதானே என்று தெம்பாக ஆரம்பித்தேன். சுரக்குறிகளை (குரல் ஏற்ற இறக்கத்தைக் காட்டுபவை) தமிழில் காட்ட முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அடே என்பது ஆள் பேர், அதட்டல் இல்லை.

அடே லொ – போனான்
அடே ந் லொ – போய்க்கொண்டிருக்கிறான்
அடே தி லொ – போய்விட்டான்
அடே மா ந் லொ – வழக்கமாகப் போவான்
அடே மோ இலே – அவனுக்கு வீடு தெரியும்

முதல் வரியைப் பார்த்ததும் 'இறந்தகாலத்துக்கு உருபு இல்லை' என்று எழுதிவிட்டேன். ஐந்தாவது வரியிலும் உருபு இல்லை, ஆனால் பொருள் நிகழ்காலம். அதைக் கவனித்திருந்தால் நின்றிருப்பேன். வெறும் வினை டென்ஸைச் சொல்வதில்லை. 'போ' மாதிரி செயலாக இருந்தால் முடிந்ததாகப் படும், 'தெரி' மாதிரி நிலையாக இருந்தால் இப்போதும் இருப்பதாகப் படும். 'ந்' கூட அப்படித்தான்: நேற்றைய பேச்சு என்றால் அதே 'ந் லொ' போய்க்கொண்டிருந்தான் ஆகிவிடும். நமக்கு முற்றுவினை என்றாலே போனான், போகிறான், போவான் என்று காலம் ஒட்டிக்கொண்டு வருவதால் எங்கே பார்த்தாலும் காலத்தையே தேடுகிறோம்.

இதற்கு 4 மார்க் போயிருக்கும். மீதியைத் தின்றது இது:

அடே கோ லொ – போகவில்லை / போய்க்கொண்டிருக்கவில்லை

ஒரே வாக்கியத்துக்கு இரண்டு பொருள். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'ந்' விட்டுப்போய்விட்டது, அச்சுப்பிழை என்று முடிவுகட்டி, விடைத்தாளிலேயே 'திருத்தி' எழுதினேன். கையெழுத்து வேறு அழகாக இருந்தது. கேள்வியின் உயிரே அந்த வரிதான். 'கோ' வந்தால் 'ந்' போய்விடும். வழக்கச் செயலை மறுக்க 'கோ' உதவாது, 'அடே கீ லொ' என்று மறுப்பே மாறிவிடும். 'தி' மட்டும் உருமாறி நிற்கும்: 'கோ தீ லொ', இன்னும் போகவில்லை. உடன்பாட்டில் நான்காக இருந்தது மறுப்பில் மூன்றாகிறது. எழுத வேண்டியது அவ்வளவுதான்.

அதனால் என் முறை (பதற்றக்காரர்களுக்கு ஒத்துவரும், நிதானமாகப் படிப்பவர்கள் எப்படியும் தப்பிவிடுவார்கள்):

– டேட்டாவில் மறுப்பு வாக்கியங்களை முதலில் வட்டமிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.
– உடன்பாடு ஒரு பக்கம், மறுப்பு ஒரு பக்கம், பென்சிலில் கட்டம்.
– காலியாக இருக்கும் கட்டம்தான் விடை.
– மொழிபெயர்ப்பில் உள்ள டென்ஸை நம்பாதீர்கள். அது மொழிபெயர்த்தவருடையது.
– 'விடு', 'கொண்டிரு' என்று தமிழோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதலாம். ஒரு வரிதான். யொருபாவில் உருபு வினைக்கு முன்னால், நமக்குத் துணைவினை பின்னால்.
– தியரி நோட்ஸ் 40 பக்கம் வைத்திருந்தேன். 2 பக்கம்கூடப் பயன்படவில்லை.

அரியரில் வந்தது மாண்டரின் சீனம். 'தா சூ ல' – போய்விட்டான். 'தா மெய் சூ' – போகவில்லை. மறுப்பில் அந்த 'ல' காணோம். ஹாலிலேயே சிரித்துவிட்டேன், மேற்பார்வையாளர் இரண்டு தடவை என் பெஞ்சுப் பக்கம் வந்து போனார்.