சொத்தைப் பல்லும் கழுத்து நெறியும்

காரைக்குடியில் பல் கிளினிக் போட்ட புதிது. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை அவளுடைய அப்பத்தா கூட்டி வந்திருந்தார். வலது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீக்கம். வாயைத் திறந்தால் அதே பக்கக் கடைவாய்ப்பல்லில் பெரிய சொத்தை. அப்புறம் என்ன யோசனை? பல்லால் நெறி கட்டியிருக்கிறது என்று முடிவுகட்டி, பல்லைப் பிடுங்கி, ஆஃப்லாக்சசின் என்ற கிருமிக்கொல்லி கலந்த மாத்திரை ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்தேன். வீக்கம் லேசாக வடிந்தது. எனக்கு ஒரே பெருமை.

மூன்று வாரம் கழித்து வந்தாள். பல் எடுத்த குழி அழகாக ஆறியிருந்தது. கட்டி மட்டும் வளர்ந்திருந்தது. பல்லால் கட்டிய நெறி என்றால் தொட்டாலே வலிக்கும், பல்லைக் கவனித்ததும் வற்றத் தொடங்கும். இதில் சூடும் இல்லை, வலியும் இல்லை. நடுவில் மட்டும் மெத்தென்றிருந்தது. சீழ்தானே, கீறிவிடலாம் என்று கைகூடப் பரபரத்தது. நல்லவேளை, விரலைக் கழுத்தோரமாக இறக்கிப் பார்த்தேன். இன்னும் இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

"எங்க காலத்துல இதைக் கண்டமாலைம்பாக தம்பி" என்றார் அப்பத்தா, சாதாரணமாக.

கீறியிருந்தால் புண் மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கும். ஊசியால் உறிஞ்சி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். காசநோய்தான், அப்பத்தா பழைய பெயரில் சொன்ன அதே கண்டமாலை. ஆஃப்லாக்சசின் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும். அந்த ஐந்து நாள் பெருமைக்கு அதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. "வெளிய தெரிய வேணாம் தம்பி, தையில கல்யாணம் வச்சிருக்கோம்" என்று அப்பத்தா குரலைத் தாழ்த்தினார். நெறியில் மட்டும் இருந்தால் அடுத்தவருக்குத் தொற்றாது என்று சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அரசு மருத்துவமனையில் 6 மாதம் இலவச மருந்து. இரண்டாம் மாதம் கட்டி பெருத்துவிட்டதென்று அங்கே போகாமல் என்னிடம் ஓடி வந்தாள். மருந்து வேலை செய்யும்போதே சிலருக்கு அப்படி ஆவதுண்டு. நிறுத்திவிடாதே என்று சொல்லி, கையோடு அங்கேயே அனுப்பினேன்.

மருந்து முடிந்த பிறகு பல் கட்ட வந்தாள். வேர் சிகிச்சை செய்து காப்பாற்றியிருக்கக்கூடிய பல் அது. அளவெடுத்து முடித்ததும் விரல் தானாகத் தாடைக்கடியில் போயிற்று. சுண்டைக்காய் அளவில் ஒன்று மிச்சமிருந்தது. பல்லுக்குக் காசு வாங்கவில்லை. ஏன் என்று அப்பத்தா கேட்கவுமில்லை.