சாலை திறந்திருக்க வேண்டும்

ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் வேலை பார்த்தவனுக்குச் சாவுச் செய்தி முதலில் காது வழியாகத்தான் வரும். ரேடியோ செட்டின் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும் ஆபரேட்டரின் குரலில் இருந்த ஏற்ற இறக்கம் திடீரென்று போய்விடும். பாடம் ஒப்பிக்கிற பையனைப்போல ஒரே சீராகப் பேசுவான். இடம், நேரம், காயம் எத்தனை பேர், உயிர் போனது எத்தனை பேர். பெயர் மட்டும் வராது. திறந்த ரேடியோ நெட்டில் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம் என்பது ஒரு காரணம். வீட்டுக்கு முறையாகச் சொல்வதற்கு முன்னால் வதந்தி போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. லாக் புத்தகத்தில் எழுதி, டூட்டி ஆபீசரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு அடுத்த அழைப்புக்குத் தயாராக வேண்டும். அழுவதற்கெல்லாம் அந்த நாற்காலியில் இடம் கிடையாது.

2010-ல் நான் காங்கோவின் கோமா நகரத்தில், ஐ.நா. அமைதிப்படையில் இருந்த இந்தியப் பிரிகேடோடு இருந்தேன். கிழக்குக் காங்கோ, வடக்குக் கிவு மாகாணம். ஊருக்குப் பக்கத்திலேயே நிராகோங்கோ எரிமலை. 2002 ஜனவரியில் அது வெடித்தபோது எரிமலைக் குழம்பு ஊரின் நடுவே ஓடி விமான நிலைய ஓடுதளத்தின் ஒரு பகுதியையும் மூடிவிட்டது. ஆறிய கருங்கல்லின் மேலேயே மக்கள் திரும்ப வீடு கட்டிக்கொண்டார்கள். இரவில் மலையுச்சியில் சிவப்பு வெளிச்சம் தெரியும். புதிதாக வந்தவர்கள் ஒரு வாரம் போட்டோ எடுப்பார்கள், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஐ.நா. வேலை என்றால் ஊரில் பெரிதாக ஏதோ நினைக்கிறார்கள். என் காதுக்கு வந்த பேச்சில் முக்கால்வாசி சாலைகளைப் பற்றியதுதான். ருட்ஷுரு போகும் சாலை திறந்திருக்கிறதா, மசிசி ஏறும் வழியில் லாரி புதைந்துவிட்டதா, எந்தப் பாலத்தில் யார் கயிறு கட்டி வண்டிக்குக் காசு வசூலிக்கிறார்கள், ரோந்து எத்தனை மணிக்குத் திரும்பியது. ஒரு சாலை மூடினால் இரண்டு நாளில் சந்தையில் மாவு விலை ஏறும், மூன்றாம் நாள் அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் பாய் தலையணையோடு நடக்க ஆரம்பிப்பார்கள். நான் அங்கே கற்றுக்கொண்ட அரசியல் இவ்வளவுதான்.

கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவைப் பற்றி முதல்முறை ஒழுங்காகக் கேட்டதும் அங்கேதான். பெயர் முன்பே தெரியும். நாட்டின் மிக உயர்ந்த போர் வீர விருதான பரம் வீர் சக்ரா வாங்கியவர்களின் படங்கள் எல்லா யூனிட்டிலும் சுவரில் இருக்கும். எங்கே, எதற்கு என்று நான் விசாரித்ததில்லை. பிரிகேட் தலைமையகத்துக்கு வேலையாக வந்திருந்த 1 கூர்க்கா ரைபிள்ஸ் ஹவில்தார் ஒருவர் ராத்திரி டீ குடிக்க எங்கள் அறைக்கு வருவார். கூர்க்காக்கள் சீனியர் ஹவில்தாரை 'குருஜி' என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஒரு நாள் சுவரில் இருந்த காங்கோ வரைபடத்தில் தெற்கே வெகு கீழே விரலை வைத்து, "மதராசி, எங்க சாப் செத்தது இங்கேதான்" என்றார். அவர் விரல் லுபும்பாஷியில் இருந்தது. கோமாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். 1961-ல் அதற்குப் பெயர் எலிசபெத்வில்.

குருஜி பிறப்பதற்கு முன்னால் நடந்த விஷயம். ஆனால் 'எங்க சாப்', எங்கள் ஆபீசர், என்றுதான் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

காங்கோ 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 11 அன்று கட்டாங்கா மாகாணம் தனி நாடு என்று அந்த மாகாணத் தலைவர் மோயிஸ் சோம்பே அறிவித்துவிட்டார். கட்டாங்காவில்தான் செம்பு இருந்தது, யுரேனியமும் இருந்தது. ஹிரோஷிமாவில் போட்ட குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பங்கு அங்கே இருக்கும் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போனது. இவ்வளவு பணம் புதைந்து கிடக்கிற இடத்தைப் பெல்ஜியச் சுரங்கக் கம்பெனி சும்மா விட்டுக்கொடுக்குமா? சோம்பேயின் ஜெண்டார்ம் என்ற ஆயுதப் போலீஸ் படையில் ஐரோப்பியக் கூலிப்படையினர் சேர்ந்தார்கள். 1961 ஜனவரியில் காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பா கொல்லப்பட்டார். செப்டம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் சமாதானம் பேசப் போகும் வழியில் நிடோலா பக்கத்தில் விமானம் விழுந்து இறந்தார். இந்தியா அந்த ஆண்டு மார்ச்சிலேயே 99-வது காலாட்படை பிரிகேடை அனுப்பியிருந்தது. அதில் சலாரியாவின் பட்டாலியனும் உண்டு, முதல் கூர்க்கா ரைபிள்ஸின் மூன்றாவது பட்டாலியன்.

நவம்பர் 24 அன்று பாதுகாப்பு சபை 169-ம் தீர்மானத்தை நிறைவேற்றியது. கூலிப்படையினரைப் பிடிக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது. நியூயார்க்கில் கை தூக்கி ஓட்டுப் போட்ட பதினோராம் நாள், டிசம்பர் 5, எலிசபெத்வில்லில் ஒரு சாலையை ஜெண்டார்ம்கள் மறித்திருந்தார்கள். ஐ.நா. தலைமையகத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே போகிற சாலை. விமான நிலையம் கையில் இல்லாவிட்டால் அந்த ஊரில் ஐ.நா. படைக்குச் சோறும் கிடையாது, குண்டும் கிடையாது.

திட்டம் எளிமையானது. மேஜர் கோவிந்த் சர்மாவின் கம்பெனி நேராகப் போய்த் தடுப்பை அடிக்கும். சலாரியா ஒரு சின்னக் குழுவோடு பழைய விமானத் தளத்துப் பக்கமாகச் சுற்றிப்போய், தப்பி ஓடுகிறவர்களின் வழியை அடைக்க வேண்டும். அவரிடம் இருந்தது பதினாறு பேர், ஸ்வீடன் படையினரின் இரண்டு கவச வண்டிகள். போன இடத்தில் எதிரே சுமார் 90 ஜெண்டார்ம்கள், அவர்களிடமும் இரண்டு கவசக் கார்கள். ராக்கெட் லாஞ்சரால் அந்தக் கார்களை உடைத்துவிட்டு, துப்பாக்கிமுனைக் கத்தி, குக்ரி, கையெறிகுண்டோடு சலாரியா நேராகப் பாய்ந்தார். கழுத்தில் குண்டு பட்ட பிறகும் சண்டை போட்டு, ரத்தம் போய் விழுந்தார். எதிரணியில் 40 பேர் இறந்தார்கள், மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ஐ.நா. தலைமையகம் சூழப்படாமல் தப்பியது.

அவருக்கு 26 வயது முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. நவம்பர் 29 பிறந்தநாள்.

விழா மேடைகளில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் நாற்பது என்ற எண்ணை அழுத்திச் சொல்வார்கள், கைதட்டல் வரும். எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. அந்த நாற்பது பேரும் பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்களாகத்தான் இருந்திருப்பார்கள், யாருடைய கம்பெனி லாபத்துக்காகவோ தடுப்பில் நிறுத்தப்பட்டவர்கள். குருஜியும் அந்த எண்ணை ஒரு தடவைதான் சொன்னார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. "சாபுக்கு வேலை வழியை அடைக்கிறது மட்டும்தான். போய்ப் பார்த்தால் வேலையே மாறிப்போச்சு. யாரைக் கேட்கிறது, எப்போ கேட்கிறது?" செட்டில் உட்கார்ந்தவனுக்கு இது உடனே புரியும். மேலிடத்துக்குச் சொல்லி, அவர்கள் யோசித்து, பதில் வருவதற்குள் அந்தத் தொண்ணூறு பேர் தடுப்பில் இருந்தவர்களோடு சேர்ந்திருப்பார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த கம்பெனி இன்னும் பெரிய கூட்டத்தை எதிர்கொண்டிருக்கும். 26 வயதுப் பையன் அந்தக் கணக்கைச் சில நிமிஷத்தில் போட்டு முடித்துவிட்டான். நான் பார்த்த எத்தனையோ நல்ல ஆபீசர்களில், அனுமதி கேட்காமல் முடிவெடுக்கிற தெளிவு இருந்தவர்கள் குறைவு.

அவர் வாழ்க்கையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறந்தது ஷகர்கர் பக்கம் ஒரு கிராமம், இப்போது அது பாகிஸ்தானில். அப்பா முன்ஷி ராம், பழைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஹாட்சன்ஸ் ஹார்ஸ் குதிரைப்படைக்காரர். பையன் ராணுவப் பள்ளிக்குப் போட்ட முதல் முயற்சியில் உடல் தகுதியில் தோற்று, மறுபடி வந்து 1946-ல் பெங்களூர் கிங் ஜார்ஜ் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். பிரிவினையில் குடும்பம் இந்தியப் பக்கம் குர்தாஸ்பூர் வந்தது, பையனும் ஜலந்தர் பள்ளிக்கு மாறினார். பிறகு தேசிய பாதுகாப்பு அகாதமி, 1957-ல் அதிகாரி. அந்த அகாதமியில் படித்தவர்களில் முதல் பரம் வீர் சக்ரா இவருக்குத்தான். ஐ.நா. பணிக்காக அந்த விருது பெற்ற ஒரே ஆளும் இவர்தான்.

அப்படியிருந்தும் ஏன் இந்தப் பெயர் நம் ஊர்களில் பரவவில்லை என்று நான் யோசித்திருக்கிறேன். நாள் காட்டியைப் பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். அவர் இறந்த இரண்டு வாரத்தில், டிசம்பர் 17 முதல் 19 வரை, கோவா மீட்பு நடந்தது. பேப்பரெல்லாம் அதுதான். 1962 ஜனவரி 26-ல் விருது அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சீனா எல்லையில் இறங்கியது, அதற்குப் பிறகு யாருக்குக் காங்கோ நினைவிருக்கும்? மீதிப் பதில் எல்லை சம்பந்தப்பட்டது. நம் எல்லையில் செத்தவனுக்கு ஊரே சொந்தம் கொண்டாடும். அடுத்தவன் நாட்டில், ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுச் செத்தவனை எந்தக் கணக்கில் வைப்பது என்று நமக்கு இன்னும் பிடிபடவில்லை.

இது எனக்கு நேரிலேயே தெரிந்தது. எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர்களுக்குக் குறைவில்லை, சில கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர். காங்கோவிலிருந்து லீவில் வந்தபோது டீக்கடையில் ஒரு பெரியவர், அவரும் பழைய பட்டாளம்தான், "ஏம்பா, காஷ்மீர்னா சரி. அந்த ஊர்ல நமக்கு என்ன வேலை?" என்றார். படி நல்லா கிடைக்கும் பெரியப்பா, என்றேன். சிரித்தார்கள். பொய்யும் இல்லை. ஐ.நா. போஸ்டிங்குக்கு ஆள் அடிபிடியாக நிற்பதற்கு அதுதான் முதல் காரணம், தங்கச்சி கல்யாணக் கடன் ஒரே டெனியூரில் அடைந்துவிடும். ஆனால் அந்தப் பதிலோடு ஒருவன் சாக முடியாது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று வடக்குக் கிவுவின் கிரும்பாவில் நம் ஆட்கள் இருந்த முகாமில், அதிகாலை இருட்டில் ஐந்து பேர் வந்து காவலில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தார்கள். அப்புறம் புதருக்குள்ளிருந்து ஐம்பது பேர்வரை ஈட்டி, வெட்டுக்கத்தியோடு பாய்ந்தார்கள். நம் சிப்பாய்கள் மூன்று பேர் இறந்தார்கள். அப்போது நான் செட்டில் இல்லை, காலையில் ஷிஃப்ட் மாற வந்தபோது லாக் புத்தகத்தில் படித்தேன். அந்த மூவரைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை, அவர்கள் வீட்டார் இருக்கிறார்கள். அன்று காலையும் ரோந்து வழக்கமான நேரத்துக்குக் கிளம்பியது, வடக்குச் சாலையில் சந்தைக்குப் போகிற லாரிகள் போயின. 'அந்த ஊர்ல நமக்கு என்ன வேலை' என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த லாரிகள்தான். பெரியவருக்கு இது போதாது என்பது எனக்குத் தெரியும்.

ஐ.நா. பணியில் இறந்த இந்தியர்கள் இதுவரை 170 பேருக்கு மேல். வேறு எந்த நாடும் இத்தனை பேரைக் கொடுத்ததில்லை. ஹாமர்ஷோல்ட் பெயரில் 1997-ல் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள், இறந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பது. அதை மார்பில் குத்திக்கொள்ள முடியாது. முட்டை வடிவத்தில் ஒரு கண்ணாடிப் படிகம், பெயரும் இறந்த தேதியும் பொறித்திருக்கும். போடுவதற்கு ஆள் இல்லாத பதக்கத்துக்கு ஊசி எதற்கு என்று யோசித்தார்களோ என்னவோ.

சலாரியாவுக்கு நினைவுச் சின்னங்கள் இல்லை என்று சொல்ல முடியாது. தில்லி தேசியப் போர் நினைவிடத்தில் சிலை இருக்கிறது. 2023-ல் அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்களை வைத்தபோது ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதற்கும் முன்னால், 1980-களில், இந்தியக் கப்பல் கழகம் தன் எண்ணெய்க் கப்பல்களுக்கு இப்படிப் பெயர் வைத்தது, 'கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா' என்ற கப்பல் பல வருஷம் கச்சா எண்ணெய் ஏற்றிக் கடலில் ஓடியது. தீவைவிட எனக்கு அந்தக் கப்பல்தான் பொருத்தமாகப் படுகிறது. வழியைத் திறக்கப் போனவனின் பெயரோடு ஏதோ ஒன்று சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்ததே.

இப்போது அக்கா பையனுக்கு தெற்கு சூடான் போஸ்டிங் வந்திருக்கிறது. 2013 ஏப்ரல் 9 அன்று ஜோங்லே பகுதியில் வாகன அணிக்குக் காவலாகப் போன நம் ஆட்கள் ஐந்து பேர் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்த அதே நாடு. அவனுக்கு அது தெரியும், பேசவில்லை. என்னிடம் கேட்டதெல்லாம் மழைக்காலம் எப்போது, பூட்ஸ் எது நல்லது, போன் சிக்னல் கிடைக்குமா என்பதுதான். போன முதல் வாரத்திலேயே சாலைகளைப் படித்துவிடு, மாற்று பேட்டரியை அடுத்தவன் பொறுப்பில் விடாதே என்றேன். அக்காதான் சமையலறையிலிருந்தே கேட்டாள்: "ஏண்டா, அங்க சண்டை இருக்கா?"

இருக்கிறது என்றேன். சண்டை இல்லாத ஊருக்கு இவர்களை ஏன் அனுப்பப் போகிறார்கள்? பையன் என்னை முறைத்தான். அவன் அவளிடம் ஏற்கெனவே வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறான்போல.