ஊர்ப் பெயருக்குக் கொடுத்த காசு

மலிவாக ரெட் வைன் வாங்க முன்பெல்லாம் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். லேபிளில் பிரான்சின் பேர்பெற்ற வைன் பகுதியான போர்தோவின் பெயர் இருக்க வேண்டும், அதிலேயே விலை குறைந்ததாக இருக்க வேண்டும். பாட்டில் கனமாக, அடியில் கட்டைவிரல் நுழையும் குழியோடு இருந்தால் இன்னும் திருப்தி. குடித்தால் சப்பென்று இருக்கும், கடைசியில் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு மட்டும் மிஞ்சும். எனக்குத்தான் ருசி தெரியவில்லை போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தது கார்மெனேர் என்ற திராட்சை ரகத்தில் செய்த சிலி நாட்டு வைன். வேடிக்கை என்னவென்றால், அந்த ரகத்தின் பூர்வீகமும் போர்தோதான். 19-ஆம் நூற்றாண்டில் பைலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடிய பிறகு, இந்த ரகம் அங்கே கிட்டத்தட்ட ஒழிந்தே போனது. அதற்கு முன்பே சில கொடிகள் சிலிக்குப் போயிருந்தன. அங்கே மெர்லோ என்ற இன்னொரு திராட்சை ரகத்தோடு கலந்து வளர்த்தார்கள், மெர்லோ என்றே விற்றார்கள். 1994-இல் ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் கொடியைப் பார்த்து, இது கார்மெனேர் என்று சொன்ன பிறகுதான் குட்டு உடைந்தது. மெர்லோவைவிடச் சில வாரங்கள் தாமதமாகப் பழுக்கும். அவசரப்பட்டுப் பறித்தால் பச்சைக் குடைமிளகாய் வாசனை தூக்கலாக இருக்கும். எனக்குக் கிடைத்தது நன்றாகப் பழுத்தது; வழுவழுவென்று இறங்கியது. கொடுத்த காசு என்னவோ முன்பு போர்தோவுக்குக் கொடுத்த அதே காசுதான்.

அப்புறம் பெயர் பெரிதாக அடிபடாத ஊர்களாகத் தேட ஆரம்பித்தேன். ஸ்பெயினில் கலதாயூத் பக்கத்து கர்னாச்சா ரக வைன், போர்ச்சுகலில் அலென்தேஜோ பகுதி வைன், இத்தாலியில் மோன்தெபுல்சியானோ தாப்ருட்ஸோ. இந்தக் கடைசிப் பெயரில் மோன்தெபுல்சியானோ என்பது திராட்சை ரகம். டஸ்கனியில் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் வைனில் முக்கியமாக இருப்பது சாஞ்சியோவேசே என்ற வேறு ரகம். நான் ஒருமுறை மாற்றி வாங்கி, கூடுதலாகக் காசு அழுதேன்.

‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்கும் மயங்குவதில்லை. பல நாடுகளில் அதற்குச் சட்டப்படி எந்தப் பொருளும் கிடையாது. ஆனால் ஸ்பெயினின் ரியோஹா பகுதி ரெட் வைனில் ‘கிரியான்சா’ என்று போட்டிருந்தால், குறைந்தது 2 வருடம் முதிர்ந்தது, அதில் 1 வருடமாவது ஓக் பீப்பாயில் இருந்தது என்று நம்பி எடுக்கலாம்.

குடிக்கும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். வெதுவெதுப்பாக இருந்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறுகிறது. பாதிதான் குடிக்கப் போகிறேன் என்றால், திறந்த கையோடு மீதியைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடி, அதையும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மூன்று நாளாவது தாங்கும். என்னிடம் தாங்கியதில்லை.