‘போல’ இருந்தால் உவமையா? அணி வினாக்களை நான் படித்த முறை

செய்யுளுக்கு அழகு சேர்க்கும் அணிகளைப் பற்றிய இலக்கணத்தைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் மனப்பாடம் செய்வது, ஒப்புமையைக் காட்டும் சொற்களான உவம உருபுகளைத்தான். போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று நன்னூல் பன்னிரண்டைச் சொல்லி, ‘பிறவும்’ என்று கதவைத் திறந்தும் வைக்கிறது. பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம்தான் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதனாலோ என்னவோ, இந்த நூற்பாவின் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. குரூப் 4 தேர்வுக்குப் படித்த நாட்களில் பஸ்ஸில் போகும்போதுகூட இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன்.

ஆனால் உருபைத் தேடும் கண் மட்டும் இருந்தால் தேர்வு அறையில் போதாது. இப்போது மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும்போது இதைத்தான் முதலில் வலியுறுத்துகிறேன். ‘மழை வரும்போல் இருக்கிறது’ என்பதில் ‘போல்’ இருக்கிறது, உவமை இல்லை, அது ஊகம். ‘தூங்குவதுபோல் கிடந்தான்’ என்பது பாசாங்கு. ‘ஈரோட்டு மஞ்சள் போலவே சேலத்து மஞ்சளும் நல்ல விலைக்குப் போனது’ என்றால் ஒரே இனத்துப் பொருள்கள் இரண்டைச் சேர்த்துச் சொல்கிறோம், அவ்வளவுதான். உவமை பிறப்பதற்கு வேறுபட்ட இரண்டு பொருள்கள் வேண்டும். அவற்றுக்கு நடுவே பண்போ தொழிலோ பயனோ பொதுவாக இருக்க வேண்டும்.

ஆகவே உருபைத் தேடுவதற்கு முன் கேட்க வேண்டியது, இந்த வரியில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதுதான். ஒன்றுதான் என்றால் பெரும்பாலும் உள்ளதை உள்ளபடி சொல்லும் வருணனை. இரண்டு இருந்து, இது வேறு அது வேறு என்று விலகி நின்றால் உவமை. இரண்டும் கலந்து இதுவே அது என்று ஆகிவிட்டால் உருவகம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் உருவகத்துக்குச் சொல்வதும் இதையே: ‘உவமையும் பொருளும் வேற்றுமை ஒழிவித்து ஒன்றென மாட்டின்’. வேற்றுமை ஒழிந்ததா, நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதைப் பழக நான் செய்த பயிற்சி ஒன்று உண்டு. கண்ணெதிரே இருக்கும் ஒரே காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்ப்பது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். ‘கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்திருந்தது. வெள்வேல மர நிழலில் காளை ஒன்று அசைபோட்டபடி படுத்திருந்தது.’ இதில் அழகு இருக்கிறது, ஆனால் ஒப்புமை எதுவும் இல்லை. ‘காய்ந்த புல்வெளி, உலரப்போட்ட வேட்டி போலக் கிடந்தது’ என்றால் உவமை. ‘கிளுவைக் காவலர்கள் காட்டைச் சுற்றி நின்றார்கள்’ என்றால் வேலியும் காவலரும் ஒன்றாகிவிட்டார்கள், உருவகம். பிறகு ‘அசைபோடுதல்’ என்ற வினையை மட்டும் தனியே எடுங்கள். காளை அசைபோடுவது நடப்பு. திண்ணையில் உட்கார்ந்து அப்பாரு (தாத்தா) பழைய நினைவுகளை அசைபோட்டார் என்றால் நினைவு இரையாகிவிட்டது. அந்த வினையை அந்தப் பொருள் மெய்யாகவே செய்யுமா என்ற கேள்வி, உருவகம் மறைந்திருக்கும் இடங்களைக் காட்டிக்கொடுக்கும்.

வருணனையை ‘அணி ஒன்றும் இல்லாதது’ என்று ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தண்டியலங்காரம் தரும் 35 பொருளணிகளில் முதலாவதே தன்மையணி. உவமையும் உருவகமும் அதற்குப் பிறகுதான். ‘எவ்வகைப் பொருளும் மெய்வகை விளக்கும் சொன்முறை தொடுப்பது தன்மை ஆகும்.’ சிலம்பில் பாண்டியன் முன் வந்து நிற்கும் கண்ணகியை நினைத்துப் பாருங்கள்: ‘மெய்யிற் பொடியும் விரித்த கருங்குழலும் கையில் தனிச்சிலம்பும் கண்ணீரும்’. உடலில் புழுதி, விரிந்த கூந்தல், ஒற்றைச் சிலம்பு, கண்ணீர். எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை. அந்தக் கோலத்தைக் கண்டதுமே அரசன் தோற்றான் என்று பாட்டு சொல்கிறது. இதைவிட வலுவான உவமை ஒன்றை இங்கே வைத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. உவமை இல்லையென்றால் ‘அணி இல்லை’ என்ற விடையைக் குறிக்கும் பிள்ளைகள் இந்தப் பாட்டைத் தவறாமல் படிக்க வேண்டும்.

மலர்முகம், முகமலர் வேறுபாட்டை எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். உவமையாகிய மலர் முன்னே வந்தால் உருபு மறைந்து நிற்கும் உவமைத்தொகை, பின்னே வந்தால் உருவகம். அதில் நேரம் செலவிட வேண்டாம். சிக்கல் வருவது பக்கத்து அணிகளில்தான்.

‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்ற குறளில் பிறவி கடலாகிவிட்டது. ஆனால் அதைக் கடக்க உதவும் இறைவன் அடி தெப்பமாகவில்லை. ஒன்றை மட்டும் உருவகித்து மற்றதை விட்டதால் அது ஏகதேச உருவகம். விடைகளில் வெறும் ‘உருவக அணி’யும் பக்கத்தில் இருந்தால், விடுபட்ட தெப்பத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் குறியுங்கள். ‘அகர முதல எழுத்தெல்லாம்’ குறளில் உருபு இல்லை; இரண்டு தொடர்கள் தனித்தனியாக நிற்கின்றன, ஒப்புமையை நாம்தான் இட்டு நிரப்புகிறோம். அது எடுத்துக்காட்டு உவமை.

மதுரை மதில் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் பார்த்து ‘வாரல் என்பனபோல்’ கைகாட்டின என்ற இடம் இன்னும் நுட்பமானது. ‘போல்’ கண்முன்னே நிற்கிறது. ஆனாலும் இது தற்குறிப்பேற்றம். காற்றில் கொடி அசைவது இயல்பு. வரவேண்டாம் என்று தடுக்கும் கருத்து கவிஞர் ஏற்றியது. பொருளோடு பொருளை ஒப்பிடவில்லை, நிகழ்ச்சிக்கு ஒரு காரணத்தைப் புதிதாகக் கற்பித்திருக்கிறார். ‘இது ஏன் நடக்கிறது’ என்பதற்குக் கவிஞர் தம் பதிலைத் தந்திருந்தால், உருபு இருந்தாலும் உவமை என்று முடிவுகட்டாதீர்கள்.

பொருள்களை எண்ணும் என் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்’. மயில்தோகை ஏற்றிய வண்டி, அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். எண்ணிப் பார்த்தால் பொருள் ஒன்றுதான். வண்டிப் பாரத்தைப் பற்றிய வருணனை என்றே தோன்றும். ஆனால் குறள் இருக்கும் அதிகாரம் வலியறிதல். எளிய பகைவர் பலர் திரண்டால் வலியவனும் வீழ்வான் என்ற பொருளை வள்ளுவர் சொல்லாமலே விட்டு, உவமையை மட்டும் நிறுத்தியிருக்கிறார். இது பிறிது மொழிதல். அதனால் திருக்குறளிலிருந்து அணி வினா வந்தால், அதிகாரப் பெயரை நினைவுபடுத்திக்கொண்ட பிறகே ‘தன்மை’ என்று குறிக்கலாமா என்று பாருங்கள்.