ஆரணியில் இருக்கும் மகளைப் பார்க்க எனக்கு ஆன 14 மாதங்கள்

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரத்தில், என் மனைவி எங்கள் ஆறு வயது மகளை அழைத்துக்கொண்டு ஆரணியில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பே அவர் தொடுத்திருந்த விவாகரத்து வழக்கு, நாங்கள் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் காட்பாடி என்பதால், வேலூரில் நடந்துகொண்டிருந்தது. அந்த வழக்கைப் பற்றிச் சொல்ல இங்கு எதுவும் இல்லை. மகளைப் பார்ப்பதற்காக நான் போட்ட மனுக்களில் எங்கே மாதங்கள் வீணாயின என்பதை, இதே நிலையில் நிற்கும் வேறொரு தகப்பனாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் முதலில் அமர்த்திய வழக்கறிஞர், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தையை என் பொறுப்பில் ஒப்படைக்கக் கோரி, ஜி.டபிள்யூ.ஓ.பி. எனப்படும் காப்பாளர் மனுவைத் தாக்கல் செய்தார். ஐந்து வயது வரைதான் குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று இந்துக் குழந்தைகளின் காப்பாளர் பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது, உங்கள் மகளுக்கு ஆறு வயது, நீங்களோ இயற்கைக் காப்பாளர், ஆகவே கவலை வேண்டாம் என்றார். அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு குழந்தையின் நலனையே எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தெரியவில்லை.

மனு எண் பெறுவதற்கு முன்பே இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் குறை, பிறப்புச் சான்றிதழில் மகளின் பெயர் இல்லாதது. பிறந்தவுடன் பெயரில்லாமல் வாங்கிய சான்றிதழை அப்படியே பெட்டியில் வைத்திருந்தோம். பெயரைச் சேர்க்கப் பதிவு அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். தாயின் கையெழுத்தும் வேண்டும் என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். வழக்கு நடக்கும்போது அந்தக் கையெழுத்துக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டதற்கு, அங்கிருந்த எழுத்தர் தலை நிமிராமலே அடுத்தவரைக் கூப்பிட்டார். கடைசியில், குழந்தையின் ஆதார் நகலையும் தடுப்பூசி அட்டையையும் சேர்த்து, பெயர் ஏன் பதியப்படவில்லை என்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் விளக்கிய பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. வீட்டில் அமைதி இருக்கும்போதே குழந்தையின் சான்றிதழை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது குறைதான் என்னை வீழ்த்தியது. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்துக்கு அதிகாரம் உள்ள நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். மகள் ஆரணிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். ஆரணியோ திருவண்ணாமலை மாவட்டம், நாங்கள் மனு போட்டதோ வேலூரில். நவம்பர் மாதம் மனு கைக்குத் திரும்பி வந்தபோது, ஜூலையிலிருந்து வாரந்தோறும் வழக்கறிஞரின் குமாஸ்தா "அடுத்த வாரம் நம்பர் ஆகிவிடும் சார்" என்று சொல்லி வந்ததை நினைத்து, சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தின் படிக்கட்டில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பரில் வழக்கறிஞரை மாற்றினேன். இரண்டாமவர், அதே வளாகத்தில் நிலுவையில் இருந்த விவாகரத்து வழக்கிலேயே, இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின் கீழ் ஓர் இடைக்கால மனு போட்டால் போதும், இதை ஜூன் மாதமே செய்திருக்கலாம் என்றார். ஏற்கெனவே விவாகரத்து வழக்கு நடக்கிறதென்றால், வேறு வழக்கு தொடங்கும் முன் இதை உங்கள் வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள். ஒப்படைக்கக் கோரும் மனுவோடு, அது முடியும்வரை குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்கும் மனுவையும் அதே நாளில் போடச் சொல்லுங்கள்.

ஏன் அதே நாளில் என்றால், பிப்ரவரியில் எதிர்மனு வந்தபோது அதில் இருந்த ஒரு வரி இன்னும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது: "மனுதாரர் எட்டு மாதங்களாகக் குழந்தையை வந்து பார்க்கவேயில்லை." ஆரணிக்குப் போனால் காவல் நிலையத்தில் புகார் வரும், போக வேண்டாம் என்று தடுத்தவர் என் முதல் வழக்கறிஞர். அதை நம்பி நான் ஒதுங்கியிருந்த மாதங்களே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டன. பள்ளிக் கட்டணத்துக்கு நான் கொடுத்த பணமும் உறவினர் மூலம் ரொக்கமாகப் போனதால், கொடுத்ததாகக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை. ஆயிரம் ரூபாய் என்றாலும் வங்கி வழியாக அனுப்புங்கள். பார்க்க வரலாமா என்று கேட்பதைக் குறுஞ்செய்தியாகக் கேளுங்கள். மறுப்பு வந்தாலும், பதிலே வராவிட்டாலும், கேட்டது பதிவாக இருக்கும்.

சமரச மையத்தில் இரண்டு அமர்வுகள் பேசி ஒன்றும் முடியவில்லை. நீதிமன்ற ஆலோசகர் முன் நடந்த விசாரணைதான் என்னை உலுக்கியது. மனைவியின் குறைகளை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்த அம்மையார் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, குழந்தையின் வகுப்பாசிரியர் யார், இரவில் எத்தனை மணிக்குத் தூங்குவாள், எந்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, நீங்கள் வேலைக்குப் போனால் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார்கள் என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு மட்டுமே, என் தாயார் இருக்கிறார் என்று பதில் சொல்ல முடிந்தது. அன்று வெட்கத்தோடு வெளியே வந்தேன். குறைப் பட்டியலை அதன்பின் எந்த மனுவிலும் சேர்க்கவில்லை. நீதிபதி மகளைத் தன் அறையில் தனியாகச் சந்தித்துப் பேசினார். எங்கள் இருவருக்கும் அங்கே அனுமதி இல்லை. அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் அவளிடம் கேட்டதில்லை. யாரும் கேட்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

மார்ச் மாதம் முதல் உத்தரவு கிடைத்தது: மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் குழந்தையைப் பார்க்கலாம். எங்கே, எத்தனை மணிக்கு, யார் அழைத்து வருவது என்பது அதில் இல்லை. கேட்டு வாங்க எங்களுக்குத் தோன்றவில்லை. முதல் சனிக்கிழமை கண்ணமங்கலம் வழியாகப் பேருந்தில் ஆரணி போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. இரண்டு மணி நேரம் எதிர்த்திண்ணையில் காத்திருந்து, மகளுக்காக வாங்கிய ஆற்காடு மக்கன் பேடாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வழக்கறிஞர் சொல்லியிருந்தபடி பேருந்துச் சீட்டையும், பூட்டிய கதவின் படத்தையும், வாசலில் நின்றபடி அனுப்பிய குறுஞ்செய்தியையும் பத்திரப்படுத்தினேன். அவற்றை இணைத்துத்தான் உத்தரவைத் திருத்தக் கோரும் மனுவைப் போட்டோம்.

அந்த மனு ஏப்ரலில் இரண்டு வாய்தா போனது. மே மாதம் கோடை விடுமுறை. கோடையில் குழந்தையைச் சில நாள் உடன் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பிப்ரவரியிலேயே மனு போட்டுவிட வேண்டும். நான் அந்தக் கோடையை முழுவதும் இழந்தேன். வாய்தா தேதிக்கும் யாரையும் நம்பியிருக்காதீர்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி, வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் வந்த திருத்திய உத்தரவு, நான் விரும்பியபடி மகளை என்னிடம் ஒப்படைக்கவில்லை. அந்தக் கேள்வி முதன்மை வழக்கின் தீர்ப்போடுதான் முடிவாகும். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் அவளுடைய தாத்தா கொண்டுவந்து விட வேண்டும், மாலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் நான் திரும்ப ஒப்படைக்க வேண்டும், வந்துபோகும் செலவு என்னுடையது, உடல்நலமில்லாமல் வர முடியாவிட்டால் அடுத்த நாள் அதே நேரம், தினமும் இரவு பத்து நிமிடம் காணொளி அழைப்பு என்று ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருந்தது. காணொளி அழைப்பைக் கேட்கும்போது, பிரிந்து வாழும் பெற்றோருக்கு அந்தத் தொடர்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னதை வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பித்தேன். ஒன்று எப்போதும் என் பையில் இருக்கிறது.

ஒப்படைக்கும் நேரத்தைக் குறிக்க ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். முதல் சனிக்கிழமை, கையெழுத்துக் கேட்டால் மாமனார் சினம் கொள்வாரோ என்று தயங்கியே நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்து, நேரத்தைத் தன் கையால் எழுதி, கையெழுத்திட்டார். பிறகு, "மாப்ள, இவளுக்கு மூணு நாளா சளி, மோர் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அகழிக் கரையோரம் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.